பந்தியில் தொடங்கிய சபை

சர்ச் என்றதும் நம் கண்முன் வருவது ஒரு கட்டடம்தான். உயரமான கோபுரம், மணி, வரிசையாகப் பெஞ்சுகள், ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சட்டை. ஆனால் இந்தச் சமயம் தோன்றிய முதல் நூற்றைம்பது ஆண்டுகளில் வழிபாட்டுக்கென்றே கட்டிய கட்டடம் ஒன்றைக்கூட நம்மால் உறுதியாகச் சுட்டிக்காட்ட முடியாது. அவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட கிரேக்கப் பெயர் 'எக்லேசியா'. ஊர்க் காரியம் பேசக் குடிமக்கள் கூடுகிற கூட்டத்துக்கு அங்கே வழங்கிய சாதாரணச் சொல் அது. தமிழில் அதைச் 'சபை' என்று மொழிபெயர்த்தவர்களுக்கு நல்ல காது இருந்திருக்க வேண்டும். கூடுவதும் கலைவதும் ஆட்கள்தானே.

எங்கே கூடினார்கள்? வீட்டில். கூடி என்ன செய்தார்கள்? பாடினார்கள், ஜெபித்தார்கள், கடிதம் வாசித்தார்கள், அப்புறம் சேர்ந்து சாப்பிட்டார்கள். அந்தச் சாப்பாட்டை நாம் சாதாரணமாகக் கடந்துவிடுகிறோம். யார் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டார்கள் என்ற ஒரே நூலைப் பிடித்துக்கொண்டு போனாலே ஆதிச் சபையின் முதல் முந்நூறு ஆண்டுக் கதை பெரும்பாலும் கைக்கு வந்துவிடும். இறையியல் பழக்கமில்லாதவர்களுக்கு அதுதான் எளிய வழி என்பது என் எண்ணம்.

எருசலேமில் ஒரு சண்டை

நாசரேத்து ஊர் இயேசுவைச் சிலுவையில் அறையச் சொன்னவர் யூதேயாவின் ரோமானிய ஆளுநர் பொந்தியு பிலாத்து. அவர் ஆண்ட காலம் கி.பி. 26 முதல் 36 வரை. 1961இல் செசரியா என்ற கடற்கரை ஊரில் அவர் பெயர் பொறித்த கல்லே கிடைத்தது. சிலுவை மரணம் பெரும்பாலும் 30ஆம் ஆண்டு, அல்லது 33. வழக்கமாக இப்படித் தலைவர் கொல்லப்பட்டால் கூட்டம் சிதறிவிடும். இந்தக் கூட்டம் சிதறவில்லை. அவர் உயிரோடு எழுந்தார், நாங்கள் கண்டோம் என்று சீஷர்கள் சொல்லத் தொடங்கினார்கள். எருசலேமில் தொடக்கத்தில் இருந்தவர்கள் ஏறக்குறைய 120 பேர் என்கிறது புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் நடபடிகள்.

இந்த 120 பேரும் யூதர்கள். புது மதம் தொடங்குகிறோம் என்ற நினைப்பே அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. நாள்தோறும் யூத ஆலயத்துக்குப் போனார்கள், யூத வேதத்தைத்தான் வாசித்தார்கள். கூடுதலாகச் செய்தது ஒன்றுதான்: வீடுகளில் கூடி, இயேசுவின் நினைவாக அப்பம் பிட்டு, சேர்ந்து சாப்பிட்டார்கள். இருப்பவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள்.

முதல் உட்கட்சிச் சண்டையும் அங்கேதான் வந்தது. எருசலேம் யூதர்களில் இரண்டு வகை. உள்ளூரில் அரமேயம் பேசியவர்கள் ஒரு பக்கம், வெளிநாடுகளில் வளர்ந்து கிரேக்கம் பேசியவர்கள் மறுபக்கம். தினசரிச் சாப்பாடு கொடுக்கும்போது எங்கள் விதவைகளைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறீர்கள் என்று கிரேக்கம் பேசியவர்கள் முறையிட்டார்கள். "பந்தி விசாரணை செய்வது எங்கள் வேலையல்ல, அதற்கு ஏழு பேரைத் தெரிந்தெடுங்கள்" என்று அப்போஸ்தலர்கள், அதாவது இயேசுவின் முதன்மைச் சீஷர்கள், சொல்லிவிட்டார்கள். தெரிந்தெடுத்த ஏழு பேரின் பெயர்களையும் படித்துப் பாருங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன பக்கத்தாரிடமே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். கல்யாண வீட்டில் பந்தி சரியில்லை என்று முணுமுணுக்கும் சித்தப்பாவையே பந்திப் பொறுப்பில் நிறுத்துவோமே, அந்தச் சாமர்த்தியம்தான்.

அந்தியோகியா: கூட உட்காரலாமா?

அந்த ஏழு பேரில் ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றார்கள். தொடர்ந்து துன்புறுத்தல் வந்ததால் கிரேக்கம் பேசியவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். ஓடிய இடமெல்லாம் பேசினார்கள். அவர்களில் சிலர் போய்ச் சேர்ந்த ஊர் சிரியாவின் அந்தியோகியா. அன்றைய ரோமப் பேரரசில் ரோம், அலெக்சாந்திரியா இரண்டுக்கும் அடுத்த பெருநகரம். அங்கேதான் யூதரல்லாதவர்கள் கணிசமாக உள்ளே வந்தார்கள். 'கிறிஸ்தவர்' என்ற பெயர் பிறந்ததும் அங்கேதான். அது வெளியாட்கள் வைத்த பெயராகத்தான் இருக்க வேண்டும். இன்னாரின் ஆட்கள், இன்ன கட்சிக்காரர்கள் என்று குறிக்கும் லத்தீன் விகுதி அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்போது பெரிய கேள்வி எழுந்தது. யூதச் சட்டப்படி உணவில் ஏகப்பட்ட விலக்குகள் உண்டு. ஆண்களுக்கு நுனித்தோலை நீக்கும் விருத்தசேதனம் என்ற அடையாளமும் உண்டு. புதிதாக வருகிற கிரேக்கன் முதலில் யூதனாக வேண்டுமா? ஏறக்குறைய 49இல் எருசலேமில் கூடிப் பேசினார்கள். விருத்தசேதனம் தேவையில்லை, சிலைகளுக்குப் படைத்தது, இரத்தம் போன்ற சிலவற்றை மட்டும் தவிர்த்தால் போதும் என்று முடிவானது. இயேசுவின் சகோதரர் யாக்கோபு அங்கே தலைமையில் இருந்தார். இயேசுவின் சீஷர்களில் முதன்மையான பேதுருவும், யூதரல்லாதவர்களிடம் செய்தியைக் கொண்டுபோன பவுலும் இருந்தார்கள்.

தீர்மானம் போடுவது வேறு, பந்தியில் உட்காருவது வேறு. பேதுரு அந்தியோகியாவுக்கு வந்தபோது யூதரல்லாதவர்களோடு சகஜமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். யாக்கோபிடமிருந்து சிலர் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். பவுலுக்கு அது பொறுக்கவில்லை. எல்லார் முன்னாலும் முகத்துக்கு நேராகக் கேட்டேன் என்று கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார். அந்தக் கடிதத்தில்தான் யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை என்ற வரி வருகிறது. அதை அழகான தத்துவமாகத் தனியே மேற்கோள் காட்டுவார்கள். அதற்குப் பக்கத்தில் கிடப்பது சமபந்திச் சண்டை. நம் ஊருக்கு அந்தச் சண்டை புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சாவூர், வேப்பேரி சபைகளில் யார் எங்கே உட்காருவது, திருவிருந்துக் கிண்ணத்தை யார் முதலில் வாங்குவது என்று பெரிய தகராறு நடந்தது. சாதி வேறுபாடு கூடாது என்று 1833இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் உத்தரவிட்டதும் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள்.

கூடாரத் தொழிலும் கடிதமும்

பவுல் சிலீசியாவின் தர்சு ஊர்க்காரர். முதலில் இந்தக் கூட்டத்தைத் துன்புறுத்தியவர், தமஸ்குவுக்குப் போகும் வழியில் மனம் மாறியவர். கூடாரத் தொழில் செய்து பிழைத்தார். ஓர் ஊருக்குப் போனால் முதலில் யூதர்களின் ஜெப ஆலயம். யூதராகாமலே யூதரின் கடவுள்மேல் ஈடுபாடு கொண்ட கிரேக்கர்கள் அங்கே ஓரமாக உட்கார்ந்திருப்பார்கள், அவர்களிடம் பேச்சு எளிதாகப் பற்றிக்கொண்டது. அப்புறம் தொழில் தெரிந்தவர்களின் பட்டறை. கிரேக்கத்தின் கொரிந்து நகரத்தில் ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்ற தம்பதியரிடம் தங்கினார். அவர்களும் கூடாரத் தொழிலாளிகள். கிலவுதியு பேரரசர் யூதர்களை ரோமிலிருந்து வெளியேற்றியதால் அங்கே வந்து சேர்ந்தவர்கள். பிலிப்பியில் லீதியாள் என்ற இரத்தாம்பர (விலையுயர்ந்த ஊதாத் துணி) வியாபாரியின் வீடு. இப்படிக் கடையும் வீடும் சொந்தபந்தமும் வழியாகத்தான் செய்தி போனது. மேடை போட்டுக் கூட்டம் சேர்த்தது குறைவு.

இதற்கெல்லாம் தேதி எப்படித் தெரியும் என்று கேட்கலாம். பவுலை கொரிந்துவில் கல்லியோன் என்ற அதிபதி முன் நிறுத்தினார்கள் என்று ஒரு குறிப்பு உண்டு. கிரேக்கத்தின் டெல்பியில் கிடைத்த ஒரு கல்வெட்டில் அதே கல்லியோன் பெயர் வருகிறது. அதை வைத்து அவர் பதவியில் இருந்தது 51, 52 ஆண்டுகளை ஒட்டி என்று கணக்கிட்டார்கள். பவுலின் வாழ்க்கைக்கு நாம் போடும் ஆண்டுகள் எல்லாம் இந்த ஒரு ஆணியில் தொங்குகின்றன.

பவுல் போன பிறகு ஊர்களுக்குக் கடிதம் எழுதினார். இன்று கையில் இருக்கும் கிறிஸ்தவ எழுத்துகளில் மிகப் பழையவை இவை. இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் சுவிசேஷங்களைவிடப் பழையவை. தெசலோனிக்கேயருக்கு எழுதிய முதல் கடிதம் ஏறக்குறைய 50ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ரோமருக்கு எழுதியதன் கடைசி அதிகாரத்தை யாரும் பிரசங்கத்துக்கு எடுப்பதில்லை, வெறும் பெயர்ப்பட்டியல் என்று தள்ளிவிடுவார்கள். எனக்குப் பிடித்த அதிகாரம் அதுதான். இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்குப் பெயர் சொல்லி வணக்கம் சொல்கிறார். அதில் பெண்கள் நிறைய. அடிமைகளுக்கு வழக்கமாக வைக்கிற பெயர்களும் நிறைய. கடிதத்தை எடுத்துப் போனவராகக் கருதப்படுபவர் கெங்கிரேயா ஊர்ச் சபையின் ஊழியக்காரி பெபேயாள். பவுல் சொல்லச் சொல்ல எழுதியவர் இடையில் புகுந்து, இதை எழுதின தெர்தியு என்னும் நானும் வாழ்த்துகிறேன் என்கிறார். தெர்தியு என்றால் லத்தீனில் மூன்றாமவன். பிள்ளைக்கு எண்ணையே பெயராக வைத்த வீட்டிலிருந்து வந்த ஓர் ஆள், இரண்டாயிரம் ஆண்டு தாண்டி இன்னும் வணக்கம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கொரிந்து வீட்டுச் சாப்பாட்டு அறை

இந்த வீட்டுச் சபை நிஜத்தில் எப்படி இருந்திருக்கும்? கொரிந்துவைப் பார்ப்போம். அந்தக் காலத்துப் பணக்கார வீட்டில் சாப்பாட்டு அறை சின்னது. மூன்று பக்கமும் சாய்ந்து படுத்துச் சாப்பிடும் திண்டுகள், ஒன்பது பேருக்கு இடம். நாற்பது பேர் வந்தால்? மீதிப் பேர் முற்றத்தில்தான். வீட்டுக்காரரின் நண்பர்கள் நேரத்தோடு வந்து உள்ளே சாய்ந்துகொள்வார்கள். நாளெல்லாம் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனும், எஜமான் விட்டால்தான் வெளியே வர முடிகிற அடிமையும் இருட்டிய பிறகு வந்து சேருவார்கள். அதற்குள் உள்ளே எல்லாம் காலி.

பவுல் கடுப்பாகிறார். ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறித்திருக்கிறான், நீங்கள் சாப்பிடுவது கர்த்தருடைய இராப்போஜனம் ஆகுமா, சாப்பிட உங்களுக்கு வீடுகள் இல்லையா என்று எழுதுகிறார். பந்திக்கு முந்து என்று நாம் சொல்வதை நேர்மாறாக்கி, ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று முடிக்கிறார். இன்றும் பெரும்பாலான சர்ச்சுகளில் நற்கருணை என்ற திருவிருந்தின்போது வாசிக்கப்படும் வார்த்தைகள், இயேசு காட்டிக்கொடுக்கப்பட்ட இரவில் அப்பத்தை எடுத்து என்று தொடங்குபவை, இந்தத் திட்டுக்கு நடுவில்தான் வருகின்றன. இதை முதலில் கவனித்தபோது எனக்குக் கொஞ்சம் அதிர்ச்சியாகவே இருந்தது.

பிறகு நடந்தவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். 62இல் யாக்கோபை எருசலேமில் கொன்றார்கள். 64இல் ரோம் தீப்பிடித்தது, பழியை நீரோ கிறிஸ்தவர்கள் தலையில் போட்டான். பேதுருவும் பவுலும் அந்தக் காலத்தில் ரோமில் உயிர் விட்டதாக மரபு. 70இல் ரோமானியத் தளபதி தீத்துவின் படை எருசலேம் ஆலயத்தை இடித்தது. ஆலயம் போனபின் யூத சமயம் ஒரு வழியிலும் கிறிஸ்தவம் வேறு வழியிலும் மெல்லப் பிரிந்தன. அந்தப் பிரிவு ஒரே நாளில் நடந்ததல்ல. சில ஊர்களில் நூற்றாண்டுக் கணக்கில் இழுத்தது. நான்கு சுவிசேஷங்களும் பெரும்பாலும் இந்த அழிவை ஒட்டியும் அதற்குப் பிறகுமாக எழுதப்பட்டன.

ஆளுநரின் தலைவலி

வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கூட்டம் எப்படித் தெரிந்தது? நல்ல சாட்சி ஒருவர் இருக்கிறார். இன்றைய துருக்கியின் வடக்கே பித்தினியா-பொந்து மாகாணத்துக்கு ஆளுநராகப் போன இளைய பிளினி. ஏறக்குறைய 112இல் பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதுகிறார். நம் ஊர்க் கலெக்டர் தலைமைச் செயலகத்துக்குக் குறிப்பு அனுப்பி விளக்கம் கேட்பதைப்போல இருக்கும்.

கிறிஸ்தவர்கள் என்று சிலரைப் பிடித்து வந்தார்கள். மூன்று முறை கேட்டேன், ஆமாம் என்று பிடிவாதமாக நின்றவர்களைக் கொல்லச் சொன்னேன் என்கிறார் பிளினி. கொஞ்சம்கூடத் தயக்கமில்லாமல் இதைச் சொல்கிறார். அப்புறம் பெயரில்லாத பட்டியல் ஒன்று வந்தது. அதில் இருந்தவர்களில் பேரரசர் சிலைக்குத் தூபமும் மதுவும் வைத்துக் கிறிஸ்துவைப் பழித்தவர்களை விட்டுவிட்டார். அவர்களில் சிலர், ஆமாம் முன்பு இருந்தோம், இப்போது விட்டுவிட்டோம் என்றார்கள். என்னதான் செய்தீர்கள் என்று விசாரித்தால் அவர்கள் சொன்னது இது: குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடுவோம், கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாடுவோம், திருடமாட்டோம், விபசாரம் செய்யமாட்டோம், வாக்கு மாறமாட்டோம் என்று உறுதி எடுப்போம். பிறகு கலைந்து போய் மறுபடி சாப்பிடக் கூடுவோம், அது சாதாரண உணவுதான்.

சாதாரண உணவு என்று அழுத்திச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அப்பத்தையும் திராட்சரசத்தையும் மனதில் வைத்து, கிறிஸ்துவின் சரீரத்தைச் சாப்பிடுகிறோம், இரத்தத்தைக் குடிக்கிறோம் என்று அவர்கள் பேசியது வெளியே கசிந்து, இவர்கள் குழந்தையைக் கொன்று தின்கிறார்கள் என்ற வதந்தி அந்த நூற்றாண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது.

உண்மை தெரிய வேண்டுமென்று பிளினி இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தார். சபையில் அவர்களை 'ஊழியக்காரிகள்' என்று அழைத்தார்கள் என்றும் குறித்து வைத்தார். அடிமைப் பெண்கள், ஆனால் சபையில் பொறுப்பு உள்ளவர்கள். இந்தச் சமயம் எதற்காகப் பரவியது என்று கேட்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஒரு வரியைத்தான். அவர்களுக்கு என்ன ஆனது என்று பிளினி எழுதவில்லை.

அவருடைய இன்னொரு கவலை வியாபாரம். கோவில்கள் ஆளில்லாமல் கிடந்தன, பலி மிருகங்களை வாங்க ஆளில்லை, இப்போதுதான் மறுபடி சூடுபிடிக்கிறது என்கிறார். திராயானின் பதில் சுருக்கம். தேடிப் பிடிக்க வேண்டாம், குற்றம் நிரூபணமானால் தண்டியுங்கள், மறுத்து நம் தெய்வங்களை வணங்கினால் விட்டுவிடுங்கள், மொட்டைக் கடிதத்தை மட்டும் ஏற்காதீர்கள். இதே திராயானிடம் பிளினி முன்பொருமுறை, நிக்கோமேதியாவில் பெரிய தீ விபத்து நடந்துவிட்டது, 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தார். அதற்கும் வேண்டாம் என்றுதான் பதில் வந்தது. எந்தப் பெயரில் கூடினாலும் அது அரசியல் கூட்டமாக மாறிவிடும் என்ற பயம். தீயணைப்புக் குழுவுக்கே அனுமதி இல்லாத நாட்டில் வாரந்தோறும் கூடிச் சாப்பிடுகிறவர்களை எப்படிப் பார்த்திருப்பார்கள்!

பரிமாறுபவர், மூப்பர், கண்காணி

இதற்கிடையில் சபைக்கு உள்ளே ஒழுங்கு தேவைப்பட்டது. ஊர் ஊராகப் போகும் போதகர்கள் பெருகிவிட்டார்கள். அவர்களில் போலிகளும் இருந்தார்கள். 'திதாக்கே' என்ற மிகப் பழைய கையேடு ஒன்று 1873இல் கான்ஸ்டாண்டிநோபிளில் ஒரு சுவடியில் கிடைத்தது. போலியைக் கண்டுபிடிக்க அது சொல்லும் வழிகள் சிரிப்பை வரவழைக்கும். வருகிறவன் ஒரு நாள் தங்கலாம், அவசியமானால் இரண்டு நாள். மூன்றாம் நாளும் இருந்தால் கள்ளத் தீர்க்கதரிசி. போகும்போது வழிக்கு அப்பம் கேட்கலாம், காசு கேட்டால் கள்ளன். ஆவியில் பேசுகிறேன் என்று விருந்து போடச் சொல்லிவிட்டுத் தானே அதைச் சாப்பிட்டால் அவனும் கள்ளன். எழுதியவர்கள் நிறைய அடிபட்டிருக்க வேண்டும்.

ஊரிலேயே நிலையாக இருக்கும் பொறுப்பாளர்கள் மூன்று படியாக உருவானார்கள். 'தியாக்கோனோஸ்' என்றால் கிரேக்கத்தில் பணிவிடை செய்பவர், பந்தியில் பரிமாறுபவர். பழைய தமிழ் வேதாகமம் 'உதவிக்காரர்' என்கிறது, கத்தோலிக்கர் 'திருத்தொண்டர்' என்பார்கள். 'பிரெஸ்பித்தேரோஸ்' என்றால் வயதில் மூத்தவர், மூப்பர். 'எபிஸ்கோப்போஸ்' என்றால் மேற்பார்வை பார்ப்பவர். பிஷப் என்ற சொல் அதிலிருந்து வந்தது. தமிழ் வேதாகமம் அதைக் 'கண்காணி' என்று மொழிபெயர்த்தது. மலையகத் தேயிலைத் தோட்டத்துக் கங்காணியும் இதே சொல்தான். அதனால்தானோ என்னவோ, எந்த பிஷப்பையும் நாம் கண்காணி என்று கூப்பிடுவதில்லை. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் இக்னாத்தியு, ரோமில் மிருகங்களுக்குப் போடப்படுவதற்காகக் காவலில் போகும் வழியிலேயே ஊர்களுக்குக் கடிதம் எழுதினார். பிஷப் இல்லாமல் எதையும் செய்யாதீர்கள் என்பதுதான் அதில் திரும்பத் திரும்ப வரும் பல்லவி. அப்படி வலியுறுத்த வேண்டியிருந்தது என்றால் பலர் கேட்கவில்லை என்றுதானே பொருள்.

நூற்றைம்பது ஆண்டு தள்ளிப் பார்த்தால் கணக்கே மாறிவிடுகிறது. 251ஆம் ஆண்டு வாக்கில் ரோமின் பிஷப் கொர்நேலியு ஒரு கடிதத்தில் தன் சபையின் கணக்கைக் கொடுக்கிறார்: 46 மூப்பர்கள், 7 உதவிக்காரர்கள், 7 துணை உதவிக்காரர்கள், இவர்களுக்குக் கீழே இன்னும் பல பணியாளர்கள், சபை சோறு போட்டுக் காப்பாற்றும் விதவைகளும் ஏழைகளும் 1,500 பேருக்கு மேல். உதவிக்காரர் எண்ணிக்கை ஏழு. எருசலேமில் அன்று பந்திக்கு நிறுத்திய அதே ஏழு.

எவ்வளவு வேகமாக வளர்ந்தது என்பதற்குச் சமூகவியலாளர் ரோட்னி ஸ்டார்க் போட்ட கணக்கு பிரபலம். 40ஆம் ஆண்டில் 1,000 பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டுக்கு 40 சதவீதம் கூடினால் 100இல் சுமார் 7,500 பேர், 200இல் 2 லட்சத்துச் சொச்சம், 300இல் 63 லட்சம். இது ஊகக் கணக்குதான். ஆனால் ஒன்றைப் புரியவைக்கிறது: கூட்டம் கூட்டமாக மதம் மாற வேண்டிய அவசியமே இல்லை, கூட்டு வட்டிபோல வீட்டுக்கு ஒருவர், தெருவுக்கு ஒருவர் சேர்ந்தாலே போதும். 250களில் கொடிய கொள்ளைநோய் வந்தபோது நோயாளிகளை விட்டு ஓடாமல் கஞ்சியும் தண்ணீரும் கொடுத்துக் கூட இருந்த கிறிஸ்தவர்கள் பிழைத்தவர்களின் மனதில் நின்றிருப்பார்கள். கூட இருந்தவர்களில் பலர் செத்தும் போனார்கள்.

இறைச்சிக்குச் சான்றிதழ்

அதே காலத்தில்தான் பேரரசு முழுவதற்குமான முதல் அடி விழுந்தது. அதுவரை துன்புறுத்தல் ஊருக்கு ஊர், ஆளுநருக்கு ஆளுநர் மாறும். இடையில் பல ஆண்டுகள் அமைதியாகவே போகும். 249இன் கடைசியில் பேரரசர் தேசியு, எல்லாரும் தெய்வங்களுக்குப் பலி செலுத்திச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டார். எகிப்தின் வறண்ட மண்ணில் அந்தச் சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை பாப்பிரஸ் தாளில் கிடைத்திருக்கின்றன. படித்தால் நம் தாலுகா அலுவலக மனு மாதிரியே இருக்கும். இன்ன ஊர், இன்னார் மகன், நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி வந்திருக்கிறேன், இப்போதும் உங்கள் முன்னிலையில் பானபலி வார்த்தேன், பலி செலுத்தினேன், பலியிட்ட இறைச்சியைச் சாப்பிட்டேன், இதற்குச் சான்றளிக்கக் கேட்டுக்கொள்கிறேன். கீழே அதிகாரிகளின் கையெழுத்து.

இங்கேயும் சோதனை சாப்பாட்டில்தான். சிலர் சாப்பிட்டார்கள். சிலர் லஞ்சம் கொடுத்துச் சான்றிதழை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். சிலர் சிறைக்குப் போனார்கள். ஆணை ஓய்ந்தபின் முதல் இரண்டு வகையினரும் திரும்பி வந்து கதவைத் தட்டினார்கள். இவர்களைத் திரும்ப நம் பந்தியில் சேர்க்கலாமா? ரோமில் கூடாது என்றவர்கள் நொவாத்தியான் தலைமையில் தனிச் சபையாகவே பிரிந்தார்கள். கார்த்தேஜ் நகர பிஷப் சிப்ரியான் நடுவழி பார்த்தார்: தண்டனைக் காலம் உண்டு, அதன்பின் சேர்க்கலாம். அந்த நடுவழிதான் நின்றது. சிப்ரியானையே 258இல் தலை வெட்டினார்கள்.

மண்ணுக்குள் கிடந்த வீடு

அந்த ஆண்டுகளின் வீட்டுச் சபை ஒன்று அப்படியே நமக்குக் கிடைத்திருக்கிறது. சிரியாவில் யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் துரா எரோப்போஸ் என்ற எல்லைக் காவல் நகரம். அங்கே மதிலை ஒட்டிய தெருவில் நடுமுற்றம் வைத்த ஒரு சாதாரண வீடு. சுவரில் கிறுக்கியிருக்கும் ஒரு குறிப்பின் ஆண்டு 232-33. 240களை ஒட்டி அதை மாற்றிக் கட்டினார்கள். இரண்டு அறைக்கு நடுவிலிருந்த சுவரை இடித்து ஒரே கூடமாக்கினார்கள். சுமார் எழுபது பேர் உட்காரலாம். இன்னொரு சின்ன அறையில் ஞானஸ்நானத் தொட்டி கட்டிச் சுவரெல்லாம் ஓவியம் தீட்டினார்கள்: ஆட்டைத் தோளில் சுமக்கும் மேய்ப்பன், கட்டிலைத் தூக்கிக்கொண்டு நடக்கும் திமிர்வாதக்காரன், கடல்மேல் நடக்கும் இயேசு, கையில் பந்தத்தோடு போகும் பெண்கள். அதே தெருவில் யூத ஜெப ஆலயமும் இருந்தது.

256இல் பாரசீகப் படை முற்றுகையிட்டது. மதிலைப் பலப்படுத்த ரோமானியர் தெரு வீடுகளுக்குள் மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். நகரம் விழுந்தது, மக்கள் போய்விட்டார்கள், மண் மட்டும் மிச்சம். 1930களின் தொடக்கத்தில் தோண்டியபோது ஓவியங்கள் சுவரோடு நின்றன. இப்போது அவை அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன.

இடித்துச் சேர்த்த இந்த எழுபது பேர்க் கூடத்துக்கும் பின்னால் வந்த பெரிய ஆலயங்களுக்கும் நடுவில் எழுபது, எண்பது ஆண்டுதான். 303இல் பேரரசர் தியோக்கிளேத்தியான் காலத்தில் கடைசிப் பெரிய துன்புறுத்தல் வந்தது. கட்டடங்களை இடித்தார்கள், வேதப் புத்தகங்களை எரித்தார்கள். 311இல் பேரரசர் கலேரியு சாகக் கிடந்தபோது ஆணையைத் திரும்பப் பெற்றார். 313இல் பேரரசர்கள் கான்ஸ்டன்டைனும் லிசினியுவும் முழுச் சுதந்திரம் கொடுத்தார்கள், பறித்த சொத்தையும் திருப்பித் தரச் சொன்னார்கள். அரசனின் பணத்தில் எழுந்த கோவில்கள் 'பசிலிக்கா' வடிவத்தில் கட்டப்பட்டன. அது அன்றைய நீதிமன்ற, பொது மண்டப வடிவம். நீதிபதி உட்காரும் அரைவட்ட மாடத்தில் இப்போது பிஷப் உட்கார்ந்தார். அதற்கு வெகு காலம் முன்பே வயிறு நிறையச் சாப்பிடுகிற பந்தி தனியாகப் போய், ஒரு துண்டு அப்பமும் ஒரு வாய் திராட்சரசமும் மட்டும் வழிபாட்டில் நின்றிருந்தன.

கிழக்கே போனவர்கள்

நாம் இதுவரை ரோமப் பேரரசையே பார்த்துக்கொண்டிருந்தோம். பெரும்பாலான வரலாறுகள் செய்யும் தவறு இது. துராவுக்கு வடக்கே எதெசா நகரத்தில் அரமேயத்தின் கிளையான சிரியாக்கில் வழிபட்ட சபை ஒன்று இருந்தது. 201இல் வந்த வெள்ளத்தில் கிறிஸ்தவர்களின் ஆலயமும் சேதமானதாக அந்த நகரத்தின் பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்கிறது. கட்டடம் பற்றிய மிகப் பழைய குறிப்புகளில் அது ஒன்று. ரோமின் எதிரியான பாரசீகத்துக்கு அங்கிருந்துதான் கிறிஸ்தவம் போனது, வியாபாரிகளோடும் போர்க் கைதிகளோடும். தோமா இந்தியாவுக்கு வந்தார் என்று சொல்லும் பழைய சிரியாக் கதையும் மூன்றாம் நூற்றாண்டில் அந்தப் பக்கத்தில்தான் எழுதப்பட்டது. அவர் 52இல் முசிறிப் பக்கம் இறங்கினார், மயிலாப்பூரில் உயிர் விட்டார் என்பது கேரளக் கிறிஸ்தவர்களின் மரபு. அதை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் வழி இருந்தது உண்மை. யவனர் மரக்கலங்கள் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதைச் சங்கப் பாடலே சொல்கிறதே.

உறுதியான எழுத்துச் சான்று ஆறாம் நூற்றாண்டில் வருகிறது. அலெக்சாந்திரியாவின் கொஸ்மாஸ் வியாபாரியாக இருந்து பின்னாளில் துறவியானவர் என்பார்கள். மிளகு விளையும் மலபாரில் சபை இருக்கிறது என்று எழுதுகிறார். இலங்கையைப் பற்றியும் எழுதுகிறார். அங்கே குடியேறிய பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு சபை உண்டு, பாரசீகத்திலிருந்து நியமித்து அனுப்பிய ஒரு மூப்பரும் ஓர் உதவிக்காரரும் உண்டு, வழிபாட்டு முறைகள் எல்லாம் உண்டு. ஊர் மக்களும் அரசர்களும் வேறு சமயத்தார். அனுராதபுரத்தில் 1912இல் தோண்டி எடுத்த கல்லில் ஒரு சிலுவை இருக்கிறது, அடியில் இரண்டு பக்கமும் இலை விரித்து. அது அந்தப் பாரசீக வியாபாரிகளுடையதாக இருக்கலாம் என்கிறார்கள்.